மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை

"அன்புள்ள அம்மாவுக்கு, ஆண்டவன் கிருபையால் நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் தம்பி தங்கைகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதம் கிறிஸ்துமசுக்கு முன்பே கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். இங்கே குளிர் நம்ம ஊர்க் குளிர் போலத்தான். சாப்பாடு நன்றாக இருக்கிறது, தினமும் இறைச்சி உண்டு. வேலைக்குக் குறைவில்லை. குதிரைகள் நல்ல குதிரைகள். இருபது டாலர் அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு போட்டோ. மூன்றாவது வரிசையில் தொப்பியைச் சாய்த்து வைத்திருப்பவன் நான். செவலைப் பசு கன்று போட்டதா என்று எழுதுங்கள். மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை."

இது நான் இட்டுக்கட்டிய கடிதம். எந்த ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டாம். ஆனால் சுப்பீரியர் ஏரியைச் சுற்றியுள்ள காடுகளிலிருந்து 1880களுக்கும் 1930களுக்கும் இடையே பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நார்வேக்கும் போன கடிதங்களை மொழிபெயர்ப்பிலாவது கொஞ்சம் புரட்டியவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதாக இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து இருட்டும்வரை மரம் வெட்டிய ஒருவனின் கடிதம் இது. எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், இதில் மரம் என்ற சொல்லே வரவில்லை. நான் திட்டமிட்டு விட்டதில்லை. அந்தக் கடிதங்களின் நடை கைக்கு வந்ததும் மரம் தானாக விலகிக்கொண்டது.

எங்கள் வீட்டில் கடிதங்களை ஒரு வளைந்த கம்பியில் குத்தி உத்தரத்தில் மாட்டியிருப்பார்கள். பட்டாளத்தில் இருந்த பெரியப்பாவின் இன்லண்டு கடிதங்கள்தான் அதில் அதிகம். எல்லாம் நலம், நலமறிய அவா என்று தொடங்கும். பனிமலை உச்சிகளில் இரண்டு வருடம் இருந்த மனுஷர் பனியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. சின்ன வயதில் அவருக்கு எழுத வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்லாந்துக்காரர்களின் கடிதங்களைப் படித்த பிறகுதான் அந்தக் கம்பி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

மரம் அவர்களுக்குப் புதிதில்லை. பின்லாந்திலிருந்து கடல் கடந்தவர்களில் பெரும் பகுதி மேற்குக் கரையின் ஆஸ்ட்ரோபோத்னியா மாவட்டத்தார். அவர்களின் பாட்டன்கள் பைன் மரத்தின் வேரையும் அடித்தண்டையும் மண்மூட்டத்தில் மெல்ல எரித்துத் தார் இறக்கிப் பீப்பாய் பீப்பாயாகத் துறைமுகத்துக்கு அனுப்பியவர்கள். ஐரோப்பாவின் பாய்க்கப்பல்கள் அந்தத் தாரைப் பூசிக்கொண்டுதான் உலகம் சுற்றின. கப்பல்கள் இரும்பானதும் தாருக்கு மவுசு போயிற்று. 1866 தொடங்கி 1868 வரை நீண்ட பஞ்சத்தில் நாட்டில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் செத்தார்கள். மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற காலம் அது. நிலம் மூத்தவனுக்குப் போனது, இளையவன் குத்தகைக் குடிசைக்காரன் ஆனான். 1901இல் ரஷ்யப் பேரரசர் புதிய கட்டாய ராணுவச் சட்டம் கொண்டுவந்ததும் இளைஞர்கள் இன்னும் வேகமாக மூட்டை கட்டினார்கள். ஹான்கோ துறைமுகத்தில் கப்பலேறி இங்கிலாந்தின் ஹல் நகரம், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், பிறகு அட்லாண்டிக். முதல் உலகப்போருக்கு முன்பே மூன்று லட்சத்துக்கு மேல் போய்விட்டார்கள். 1920களில் அமெரிக்கா கதவை ஒருக்களித்தபோது கூட்டம் கனடாவுக்குத் திரும்பியது, ஏரியின் வடகரையில் உள்ள போர்ட் ஆர்தருக்கு. இன்றைக்கு அந்த ஊர் தண்டர் பே.

ஆக, காடு சோறு போடாததால் கிளம்பியவர்கள் இன்னொரு காட்டில் போய் இறங்கினார்கள். மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டாவில் வெள்ளைப் பைன். அது தீர்ந்துவிட்ட பிறகு ஒன்டாரியோவில் காகிதக் கூழுக்கான ஸ்ப்ரூஸ். இந்த இரண்டாவது மரத்திலிருந்துதான் அமெரிக்க நகரங்களின் செய்தித்தாள்களுக்குக் காகிதம் வந்தது. கோடாலியைப் பிடித்த விரலால் பேனா பிடிப்பது எவ்வளவு கஷ்டமென்று இப்போது யாருக்கும் விளக்க முடியுமா தெரியவில்லை. அதிலும் இவர்களில் மூத்த தலைமுறைக்கு வாசிப்பு ஒன்று, எழுத்து வேறொன்று. லூத்தரன் திருச்சபையில் ஞானோபதேசத்தை வாசித்துக் காட்டாதவனுக்குக் கல்யாணம் கிடையாது, அதனால் குடியானவனும் வாசிப்பான். எழுதச் சொல்லிச் சபை கேட்கவில்லை. கிராமப் பள்ளிக்கூடங்களுக்கான ஆணை 1866இல்தான் வந்தது, கட்டாயக் கல்வி 1921இல். வேதத்தைச் சரளமாகப் படிக்கிற ஒருவன் தன் அம்மாவுக்கு நாலு வரி எழுதக் கொட்டகை முழுவதும் ஆள் தேட வேண்டியிருந்தது. கனடாவில் 1899இல் ஆல்ஃபிரட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற பாதிரியார் தொடங்கிய இயக்கம் மரவெட்டிகளின் முகாம்களுக்கே வாசிப்புக் கொட்டகைகளைக் கொண்டுபோனது. பகலில் கூட நின்று வேலை செய்து ராத்திரி பாடம் நடத்தும் வாத்தியார்கள் பிறகு அதில் சேர்ந்தார்கள். ஃபிரான்டியர் காலேஜ் என்று பெயர் பெற்றது அதுதான்.

எழுதத் தெரியாதவன் எழுதும்போது வாய்பாடு கைகொடுக்கும். தாமஸ், ஸ்னானியெட்ஸ்கி என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1918க்கும் 1920க்கும் இடையில் போலந்துக் குடியானவர்களைப் பற்றி ஐந்து பாகங்களில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். அதில் குடும்பக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் வணங்கும் கடிதம். கும்பிடு, நலம், நலம் விசாரிப்பு, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வணக்கம். சேதி என்று ஒன்று இருந்தால் அது நடுவில் எங்கேயாவது செருகப்பட்டிருக்கும். உறவு அறுபடவில்லை என்று காட்டுவதுதான் கடிதத்தின் வேலை, சேதி இரண்டாம்பட்சம் என்பது அவர்கள் கருத்து. நான் ஒத்துக்கொள்கிறேன், ஒரே ஒரு திருத்தத்துடன். மரவெட்டியின் கடிதத்தில் நலம் என்பதே சேதி. அன்றைய தேதிக்கு அவன் நசுங்கவில்லை, மூழ்கவில்லை, விரல் போகவில்லை. அம்மாவுக்கு அதைவிட என்ன செய்தி வேண்டும்?

"வேலைக்குக் குறைவில்லை" என்றான். என்ன வேலை என்று சொல்லவில்லை.

புதிதாக வந்த பையனுக்குக் கோடாலி தரமாட்டார்கள். வெட்டிய மரத்தடிகளை ஆற்றங்கரைக்கு இழுத்துப்போகும் பாதை முழுக்கப் பனிக்கட்டி. இரவில் தண்ணீர்த் தொட்டி வைத்த சறுக்குவண்டி ஒன்று ஊற்றிக்கொண்டே போகும், விடிவதற்குள் பாதை கண்ணாடியாக உறைந்துவிடும். அந்தக் கண்ணாடியில்தான் இரண்டு குதிரைகள் ஒரு வீட்டளவு பாரத்தை இழுக்கும். நடுவில் சாணி விழுந்தால் அது பனியை உருக்கும், சறுக்குக்கட்டை அதில் ஒட்டிக்கொள்ளும். எனவே பாதையில் நடந்து நடந்து குதிரைச் சாணத்தை அள்ளிப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு முகாம் பாஷையில் சிக்கடி என்று பெயர். சிக்கடி ஒரு குட்டிக் குருவி. குளிர்காலத்தில் சாணத்தைக் கொத்திக்கொண்டிருக்கும். பதினெட்டு வயதுப் பையன் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து கண்ட அமெரிக்கா அதுதான். அம்மாவுக்கு எப்படி எழுதுவான்? குதிரைகள் நல்ல குதிரைகள் என்று எழுதுவான். பொய்யில்லை. குதிரைகளைப் பற்றி அவனைவிட நெருக்கமாகத் தெரிந்தவர் யார்?

இறக்கத்தில் வைக்கோலோ சூடான மணலோ தூவி வண்டியின் வேகத்தைத் தணிப்பதும் அவன் வேலை. தூவ மறந்தால், அல்லது குறைவாகத் தூவினால், பாரம் குதிரைகளின் மேல் ஏறிவிடும். வண்டிக்காரனுக்குச் சில சமயம் குதிக்க நேரம் இருக்கும்.

பிறகு கோடாலி வந்தது, ரம்பம் வந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் நீள ரம்பம் 1880களில் அடிமரம் சாய்க்கப் பரவியது. ஒன்டாரியோவின் கூழ்மரக் காட்டில் 1920களில் ஒற்றை ஆளாக இழுக்கும் வில் ரம்பம். சுவீடனிலிருந்து வந்ததால் அதை ஸ்வீட் ரம்பம் என்றார்கள். அங்கே கூலி கட்டைக் கணக்கில். நாலடி அகலம், நாலடி உயரம், எட்டடி நீளம் அடுக்கினால் ஒரு கார்டு, அதற்கு இவ்வளவு என்று பேச்சு. காலை முதல் மாலை வரை ஒற்றை மனுஷன், ஒரு ரம்பம், மரங்கள்.

காட்டில் பயம் சாயும் மரத்திடம் மட்டுமில்லை, அதற்காவது விலகப் பார்க்கலாம். பக்கத்து மரத்தில் ஒடிந்து சிக்கிக்கொண்டு நிற்கும் பட்டுப்போன கிளைதான் ஆபத்து. எப்போது விழும் என்று கிடையாது. ஒரு காற்று, ஓர் அதிர்ச்சி போதும், சத்தமில்லாமல் வந்து இறங்கும். அதற்கு ஆங்கிலம் பேசும் மரவெட்டிகள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் விதவையாக்கி. அதே ஆண்டுகளில் பின்லாந்துக் கிராமங்களில் ஒரு சொல் புழங்கியது, அமெரிக்க விதவை. புருஷன் செத்தவள் இல்லை. கடல் தாண்டிப் போனவன் உயிரோடு இருக்கிறான், பணம் வருகிறது அல்லது வரவில்லை, அவள் நிலத்தையும் மாட்டையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல் காட்டில் பிறந்தது, ஒன்று ஊரில். இரண்டும் ஒன்றையொன்று அறியாது. ஆனால் அமெரிக்க விதவை நிஜ விதவை ஆனபோது பல சமயம் அவளுக்கே அது தெரியாமல் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. செல்சியஸும் பாரன்ஹீட்டும் ஒன்றாகிவிடும் புள்ளி அது, எந்த அளவுகோல் என்று கேட்க வேண்டியதில்லை. அந்த விஷயத்தில் அவன் உண்மையைத்தான் எழுதினான், ஊரிலும் அப்படித்தான்.

சாப்பாட்டு விஷயத்திலும் முழு உண்மை. மரப்பட்டை ரொட்டியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவனுக்குத் தினம் இறைச்சி என்பது ஊர் முழுக்கப் படித்துக் காட்டத் தக்க செய்தி. உப்புக்கண்டப் பன்றிக்கறி, பானையில் இரவெல்லாம் வெந்த பயறு, கரும்புப்பாகு, உலர்ந்த பிளம்ஸ், கறுப்புத் தேநீர். கூலி குறைந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், சமையல்காரன் மோசம் என்றால் மறுநாள் பாதி முகாம் காலியாகிவிடும். மேஸ்திரிகளுக்கு அது தெரியும். ஒன்டாரியோவில் பின்லாந்துப் பெண்கள் பலர் முகாம் சமையலில் இருந்தார்கள். நாற்பது ஐம்பது ஆண்களுக்கு நடுவே ஒருத்தி, விடிவதற்கு வெகுமுன் அடுப்பு மூட்டுகிறவள். அவள் கடிதங்கள் இன்னும் குறைவாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விதி இருந்தது, பேசக் கூடாது. பாத்திரத்தை இப்படித் தள்ளு என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. பேச்சு வந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் நேரம் போகும் என்று காரணம் சொல்வார்கள். நூறு பேர் வேகமாக மெல்லும் சத்தமும் தகரத் தட்டில் கரண்டி மோதும் சத்தமும் மட்டும். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேஜை நினைவுக்கு வருகிறது. தேவையானதைக் கேள், மீதியை விழுங்கு.

கொட்டகையில் பேசலாம். அடுக்குப் பலகைப் படுக்கைகள். சிலவற்றில் கால்மாட்டு வழியாகத் தலையை முதலில் நுழைத்து ஊர்ந்துதான் உள்ளே போக முடியும். வைக்கோல் மெத்தை. நடுவில் அடுப்பு, அதற்கு மேலே கம்பியில் நூறு ஜோடி ஈரக் காலுறைகள். அவற்றின் ஆவியிலேயே தூங்கி விழிக்க வேண்டும். சீலைப்பேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீரைக் கொதிக்க வைத்துத் துணிகளைப் போட்டுக் கிண்டுவார்கள், புதன்கிழமைக்குள் பேன் திரும்பிவிடும். பின்லாந்துக்காரர்கள் அதிகமிருந்த முகாம்களில் முதலில் எழும்பியது சாவ்னா, நீராவிக் குளியலறை. அங்கே அவர்களின் பாஷையும் கொஞ்சம் வெந்து வேறாயிற்று. கேம்ப் 'கெம்ப்பா' ஆனது, லேக் 'லேக்கி' ஆனது, மைன் 'மைனி' ஆனது. ஊருக்கு எழுதும்போது இவற்றைத் தவிர்க்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் அம்மாவுக்குப் புரியாது. வேலையைப் பற்றி எழுதாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். அவன் செய்த வேலைக்கு ஊர் பாஷையில் பெயரில்லை.

இருபது டாலரைப் பற்றி இரண்டு வார்த்தை. நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்னசோட்டாக் காட்டில் சாப்பாடு போக மாதக் கூலி முப்பது டாலர் அளவில். ஆள் பிடித்துக் கொடுத்த தரகருக்கு ஒரு பங்கு. முகாம் கடையில் வாங்கிய கையுறை, புகையிலை, காலுறை எல்லாம் பற்றுக்கணக்கில் ஏறியிருக்கும், கடைக்கு வெளியே வாங்க இடமும் கிடையாது. டுலூத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய மருத்துவமனை முன்கூட்டியே விற்ற சிகிச்சைச் சீட்டை வாங்கியிருந்தால் அடிபட்டபோது படுக்கை கிடைக்கும். குளிர்காலம் முடிந்து கணக்கப்பிள்ளை எழுதித் தரும் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நகரத்துக்கு வந்தால் அதை உடனே காசாக்கித் தருகிறவன் சாராயக்கடைக்காரன்தான், ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு. இத்தனை சல்லடைகளையும் தாண்டி இருபது டாலர் கடலைக் கடந்தது என்றால் அந்தக் கடிதத்தில் வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

போட்டோ வேறு கதை. குளிர்காலத்தில் முகாம் முகாமாகப் போகும் போட்டோக்காரர்கள் இருந்தார்கள். எல்லாரையும் கொட்டகை முன் வரிசையாக நிறுத்தி எடுத்து, தபால் அட்டையாக அச்சிட்டு விற்பார்கள். இன்னொரு வகைப் படம் மரத்தடிகளை மலைபோல அடுக்கி அதன் உச்சியில் ஆட்களை ஏற்றி எடுப்பது. அந்தப் பாரம் பெரும்பாலும் படத்துக்காகவே அடுக்கியது, தினசரி யாரும் அப்படி இழுக்கவில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக மிச்சிகன் காட்டில் 50 பெருந்தடிகளை ஒரே சறுக்குவண்டியில் ஏற்றி இரண்டு குதிரைகளைப் பூட்டிப் படமெடுத்தார்கள். இன்றும் மரவெட்டிகளைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அது கண்ணில் படும். கடிதத்தில் அடக்கி வாசித்தவன் போட்டோவில் கொஞ்சம் பீற்றிக்கொண்டான். தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டான். நியாயம்தான்.

இவ்வளவையும் அவனால் சொல்லவே முடியாதா, அவனுக்குச் சொல் கிடைக்கவில்லையா என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். அப்படியில்லை என்பதற்குச் சாட்சி அவர்களின் பத்திரிகைகள். ஹான்காக்கிலும் பிறகு சுப்பீரியர் நகரத்திலும் 'துயோமியெஸ்', டுலூத்தில் 'இன்டஸ்ட்ரியலிஸ்தி', சட்பரியில் 'வபாவுஸ்' என்று பின்லாந்து மொழித் தொழிலாளர் பத்திரிகைகள் வந்தன. அவற்றில் முகாம்களிலிருந்து வந்த கடிதங்கள் அச்சாயின. எந்த முகாமில் சீலைப்பேன், எங்கே மெத்தை நாறுகிறது, எந்த மேஸ்திரி அளவில் ஏமாற்றுகிறான், கார்டுக்கு எவ்வளவு, எங்கே போகாதே. கோபமாக, விவரமாக, சில சமயம் நல்ல நக்கலோடு எழுதினார்கள். ஒரே கொட்டகையில், ஒரே சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் இருவகைக் கடிதமும் எழுதப்பட்டன. ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று அம்மாவுக்கு. முதல் கடிதத்தில் இருந்த எதுவும் இரண்டாவதில் இல்லை. ஆக அந்த மௌனம் தெரிந்தே வைத்த மௌனம். யாருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. படுக்கை விரிப்பு சுத்தமாக வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து 1917 ஜனவரியில் மின்னசோட்டாக் காடுகளில் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தி வெளியே நடந்தார்கள். அந்த நடுக்குளிரில் நடந்தவர்களில் யாராவது மறுவாரம் ஊருக்கு எழுதியிருந்தால், வேலை மாறியிருக்கிறேன் என்று எழுதியிருப்பார் என நினைக்கிறேன்.

போர்ட் ஆர்தரில் இவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. 1910இல் கட்டிய பின்லாந்துத் தொழிலாளர் கோயில். கோயில் என்றுதான் பெயர், உள்ளே நாடக மேடை, நூலகம், கூட்டம். அதன் கீழ்த்தளத்தில் 1918 மே தினத்தன்று கூட்டுறவு உணவகம் ஒன்று திறந்தது. காட்டுத் தொழிலாளர்கள் தலைக்கு ஐந்து டாலர் கடனாகப் போட்டுத் தொடங்கியது. பெயர் ஹோய்தோ, பராமரிப்பு என்று பொருள். வயிறு நிறையும்வரை சாப்பிடலாம், மேஜையில் பேசலாம். காட்டிலிருந்து இறங்கியவன் முதலில் அங்கே வருவான். நூறு வருடத்துக்கும் மேல் நின்ற அந்தக் கட்டடம் 2021 டிசம்பரில் தீக்கிரையானது.

1929 நவம்பர் 18 அன்று வில்யோ ரோஸ்வால், யான்னே வோட்டிலைனன் என்ற இரண்டு சங்க ஊழியர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்ட ஆனியன் ஏரிப் பக்கம் உள்ள முகாம்களுக்குப் போனார்கள். திரும்பவில்லை. மறுவருடம் ஏப்ரலில் பனி உருகியபோது உடல்கள் கிடைத்தன. தவறி நீரில் மூழ்கினார்கள் என்றது விசாரணை. வோட்டிலைனன் அந்தக் காட்டை அறிந்த வேட்டைக்காரன், அவனா முழங்கால் தண்ணீரில் மூழ்குவான் என்று கேட்டார்கள் கூட்டாளிகள். இன்றுவரை கேட்கிறார்கள். ஏப்ரல் 28 அன்று ஆயிரக்கணக்கானோர் இறுதி ஊர்வலத்தில் நடந்தபோது சூரிய கிரகணம் பிடித்தது. கதாசிரியன் எழுதியிருந்தால் மிகை என்று அடித்திருப்பேன். வானியல் கணக்கில் இருக்கிறது.

அவர்கள் இருவருக்காவது பெயர் இருந்தது. வசந்தத்தில் பனி இளகியதும் மரத்தடிகள் ஆற்றில் இறங்கும். ஆணி பதித்த காலணியோடு உருளும் தடிகளின் மேல் ஓடி, கொக்கித்தடியால் சிக்கலை அவிழ்க்க வேண்டும். நீச்சல் தெரிந்தும் பயனில்லை, மேலே தடிகள் மூடிக்கொள்ளும். செத்தவனைக் கரையிலேயே புதைத்து அவன் காலணிகளைப் பக்கத்து மரக்கிளையில் மாட்டிவிட்டுப் போவது ஆற்றுக்காரர்களின் வழக்கம். யார் அவன்? கணக்கப்பிள்ளைக்கு உச்சரிக்க வராத பெயரைச் சுருக்கி ஜான் என்று எழுதியிருப்பார். கூட்டாளிகளுக்குப் பட்டப்பெயர் மட்டும் தெரியும். 1871 அக்டோபர் 8 அன்று விஸ்கான்சினின் பெஷ்டிகோ என்ற மர ஊர் ஒரே இரவில் எரிந்தபோது, அடையாளம் சொல்ல ஆளே மிஞ்சாததால் சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய அம்மாக்கள் அடுத்த கடிதத்துக்காகக் காத்திருந்தார்களோ.

அமெரிக்காவின் பின்லாந்துப் பத்திரிகைகளில் நெடுங்காலம் வந்துகொண்டிருந்த ஒரு பத்தி தேடல் விளம்பரம். இன்னாரின் மகன், இந்த ஊர், கடைசியாக இந்த மாநிலத்திலிருந்து எழுதினான், தெரிந்தவர்கள் தகவல் சொல்லவும். சுவீடனின் திருச்சபைப் பதிவேடுகளில் இருப்பிடம் தெரியாதோர் என்று தனி ஏடே இருந்தது. செத்தோர் பட்டியலிலும் சேர்க்க முடியாது, இருப்போர் பட்டியலிலும் முடியாது. மறுமணம் செய்யவும் வழியில்லாமல் ஊரில் ஒருத்தி அமெரிக்க விதவையாகவே கிழவி ஆனாள். நலம் என்ற சொல் வராமல் போனபோதுதான் அதற்கு எவ்வளவு கனம் என்று தெரிந்தது.

1930களில் வேலையற்றுப் போனவர்களில் ஒரு பகுதி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், சோவியத் கரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். தொழிலாளர் ராஜ்யத்தைக் கட்டுவோம் என்று தங்கள் ரம்பங்களையும் கையோடு கொண்டுபோனார்கள். அங்கேயும் காடுதான். அங்கிருந்து கனடாவில் உள்ள உறவினர்களுக்குக் கடிதம் வந்தது, நலமாக இருக்கிறோம் என்று. 1937, 38இல் பலரைக் கைது செய்து சுட்டார்கள். கடிதங்கள் நின்றன.

எந்தக் கடிதம் தப்பிப் பிழைக்கிறது என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. 1890, 91 ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் போலந்துக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்களை ரஷ்யத் தணிக்கை அதிகாரிகள் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடிவிடக் கூடாதென்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவற்றில் பெரும்பகுதி வார்சாவில் 1944இல் எரிந்துபோயிற்று, எஞ்சியதை விட்டோல்ட் குலா என்ற வரலாற்றாசிரியர் 1973இல் புத்தகமாக்கினார். போய்ச் சேர்ந்திருந்தால் அடுப்புக்கோ எலிக்கோ போயிருக்கக்கூடியவை அவை. பின்லாந்துக் கடிதங்களுக்கு வேறு விதி. வந்து சேர்ந்தன, பரணிலும் மரப்பெட்டிகளிலும் கிடந்தன. 1960களில் துர்க்கு பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர்கள் அவற்றைத் திரட்டத் தொடங்கினார்கள்.

திரட்ட முடியாதவை அம்மா எழுதியவை. மகன் ஒரு மூட்டையோடு முகாம் முகாமாக அலைந்தவன். அந்த மூட்டையில் ஒரு சட்டை, ஒரு சவரக்கத்தி, ஒரு போர்வை. வந்த கடிதம் சில மாதம் சட்டைப்பையில் இருந்திருக்கும், வியர்வையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருக்கும், கடைசியில் புகையிலை சுற்றவோ அடுப்பு மூட்டவோ போயிருக்கும். அதனால் ஒரு பக்கம் மட்டும் பேசிக்கொண்டிருக்கும் உரையாடலைத்தான் நாம் கேட்கிறோம், தொலைபேசியில் யாரோ பேசுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல. அம்மாவும் எதையெதை மறைத்தாள்? அப்பாவின் இருமலையா, கடன்காரன் வந்து போனதையா, வைக்கோல் தீர்ந்துவிட்டதையா? அவளும் நலம் என்றுதான் எழுதியிருப்பாள்.

செவலைப் பசு கன்று போட்டதா என்று கேட்டிருந்தான். அது நான் சேர்த்த வரிதான், இருந்தும் இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் அதற்குப் பதில் தெரிய வேண்டும்போல இருந்தது. அடுத்த கடிதத்தில் அவன், கன்று கிடாரி என்று அறிந்து சந்தோஷம் என்று எழுதினால்தான் உண்டு. அதற்குள் ஆறு உருகும் மாதம் வந்துவிடும்.